கூரைக்குப் போடும் ஈயம்

திரையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைச் சதுரம்.

விலா எலும்புகள் சாம்பல் நிறத்தில் வரிசையாக இருந்தன. நடுவில் இதயத்தின் நிழல். அதற்குக் கீழே, படத்தின் அடிப்பக்கத்தில், நேரான விளிம்புகளோடு ஒரு வெள்ளை. உடம்புக்குள் நேர்கோடு இருப்பதில்லை. மொழிபெயர்க்க வந்த, படம் பார்க்கத் தெரியாத எனக்கே அது உடம்பைச் சேர்ந்ததல்ல என்று தெரிந்தது.

டெனிஸ் நாற்காலியில் சாய்ந்தார். பொத்தானுக்கு மேலே நின்ற கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர்தான் அந்த ஸ்கான் இயந்திரத்தை இயக்குபவர். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. மேசையில் அவருடைய தேநீர் ஆடை படிந்து கிடந்தது.

"அவரிடம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்" என்றார்.

கண்ணாடிக்கு அப்பால், இயந்திரத்தின் வளையத்துக்குள் பாதி உடம்பு போயிருக்க, வதனி படுத்திருந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி. நான் ஒலிவாங்கியை அழுத்தி, "வதனி, உடம்பில என்னவும் வைச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டேன்.

அவருடைய மூச்சுத்தான் ஒலிபெருக்கியில் கேட்டது. சிறியதாக, அவசரமாக, மாடிப்படி ஏறி வந்தவரின் மூச்சுப்போல. அவர் படியேதும் ஏறியிருக்கவில்லை. மூன்று நாட்களாகவே அப்படித்தானாம்.

ஒரு வாசகியின் கேள்வி

குடிவரவு விசாரணை அறைகளில் மொழிபெயர்ப்பாளராக இருப்பதைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, கோலியர்ஸ் வுட்டில் இருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். "பாவப்பட்ட சனத்துக்காக நீங்கள் இடையில ஒரு சொல்லுக் கூடச் சேர்த்துச் சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?"

ஒன்றும் குறையாது. கூடிவிடும், அதுதான் சிக்கல். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், நிருபர் எழுதாததை நான் சேர்த்தால் மறுநாள் காலையில் அது நடந்ததாகிவிடும். மருத்துவமனையிலும் அப்படித்தான். மருத்துவர் 'இருக்கலாம்' என்று சொன்னதை நான் 'இருக்கும்' என்று சொன்னால், அந்தக் குடும்பம் அன்றிரவு அந்த 'இருக்கும்' என்ற சொல்லோடுதான் வீட்டுக்குப் போகும்.

ஆகவே சேர்ப்பதில்லை. குறைப்பதுமில்லை. டெனிஸ் எல்லாரையும், இங்கத்தைய வழக்கப்படி செல்லமாக, 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். அதைக்கூட விட்டுவிடாமல் 'பிள்ளை' என்று மாற்றிச் சொல்வேன்.

இந்தத் தொழிலில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் கைகழுவும் முறை பற்றிய படங்கள், யாரோ விட்டுப்போன இலவசப் பத்திரிகை. இப்போது பாதி வேலை தொலைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. நேரில் கூப்பிட்டால் விஷயம் கொஞ்சம் பாரமானது என்று அர்த்தம்.

வதனி, அவருடைய கணவர் ரூபன், இரண்டுமே நான் வைத்த பெயர்கள். மருத்துவமனை கிழக்கு லண்டனில் ஒன்று. அதற்கு மேல் சொல்லப்போவதில்லை.

"எனக்கு வைச்சவங்கள்"

அன்று பிற்பகல், நவம்பரோ டிசம்பரோ, மனோர் பார்க்கில் இருந்து நான் பஸ் எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் ஸ்கான் பகுதியின் முன்னால் இருந்தார்கள். வதனி சக்கர நாற்காலியில். ரூபன் வேலை உடுப்போடு, சப்பாத்தில் சாந்து காய்ந்திருக்க, சுவரோடு நின்றார். அவர் கூரை வேலை செய்பவர். புகைபோக்கி ஓரங்களில் மழைநீர் இறங்காமல் ஈயத் தகடு அடிப்பது, ஓடு மாற்றுவது, கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைத் திருத்துவது.

விஷயம் இதுதான். வதனியின் நுரையீரலில் இரத்தக் கட்டி இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். கர்ப்பிணிகளுக்கு அது வருவதுண்டு. காலில் செய்த ஸ்கான் எதையும் காட்டவில்லை. நெஞ்சை சி.ரி. ஸ்கான் செய்தால்தான் தெரியும். கட்டி இருந்து, மருந்து கொடுக்காமல் விட்டால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இதை மருத்துவர் ஏற்கனவே சொல்லியிருந்தார். நான் போனதும் இன்னொரு தடவை, என் வழியாகச் சொன்னார்.

வதனி மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். வயிற்றின் மேல் ஈயக் கவசம் போட வேண்டும்.

டெனிஸ் இப்போது அப்படிப் போடுவதில்லை என்றார்.

"முந்தி போட்டவைதானே?" என்று ரூபன் என்னைப் பார்த்துக் கேட்டார். "நாலைஞ்சு வருசத்துக்கு முந்தி நான் கூரையால விழுந்து, இதே ஆஸ்பத்திரியிலதான் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தவங்கள். எனக்கு வைச்சவங்கள் அன்ரி. எந்த இடத்தில எண்டு கேக்காதையுங்கோ."

வதனிக்கு அந்த மூச்சிலும் சிரிப்பு வந்தது. "அந்த இடத்துக்கு அவ்வளவு மரியாதை. பிள்ளை இருக்கிற வயித்துக்கு ஒண்டும் இல்லை."

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். டெனிஸும் சிரித்தார். பிறகு சொன்னார்: "உண்மைதான். நானே எத்தனையோ பேருக்கு வைத்திருக்கிறேன். பல காலம் அப்படித்தான் செய்தோம். பிறகு, அதில் நாங்கள் நினைத்த அளவு பயன் இல்லை, சில வேளை கெடுதல்கூட என்று தெரியவந்தது. நிறுத்திவிட்டோம்."

"அப்ப முந்திப் பிழையாச் செய்தவையோ, இப்பப் பிழையாச் செய்யினமோ?" என்றார் வதனி. "காசு மிச்சம் பிடிக்கினம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ. தாங்கள் மட்டும் சுவருக்குப் பின்னால போய் ஒளிக்கினம்."

அதையும் சொன்னேன். டெனிஸின் முகம் மாறவில்லை. "நான் நாள் முழுக்க, வருடம் முழுக்க இங்கேயே இருக்கிறேன். நீங்கள் ஒரு தடவை வருகிறீர்கள். அதுதான் வித்தியாசம், லவ்."

பிறகு கையால் தன் நெஞ்சைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். கதிர் போவது நெஞ்சுக்கு. வயிற்றுக்கு நேராகப் போவதில்லை. பிள்ளைக்குப் போய்ச் சேரும் கொஞ்சமும் தாயின் உடம்புக்கு உள்ளாலேயே சிதறிப் போவது. வெளியே கவசம் போட்டு உள்ளே போவதை மறிக்க முடியாது.

வதனி கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய கண் டெனிஸின் கையில் இல்லை, தன் வயிற்றில் இருந்தது.

வதனியின் கணக்கு

டெனிஸ் உள்ளே போன பிறகு, வதனி என்னிடம் மெதுவாக வேறொன்றைச் சொன்னார்.

கலியாணம் முடித்த புதிதில், யாழ்ப்பாணத்தில், அவர் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து மணிக்கட்டு வீங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்போது அவர் கர்ப்பமாக இருந்தது அவருக்கே தெரியாது. சில வாரங்களில் அந்தக் கரு கலைந்துவிட்டது. மணிக்கட்டு எக்ஸ்ரேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார். மாமியார் வீட்டுப் பெண் ஒருவர், "ஈயம் போடாமல் எடுத்தவை, வேறென்ன" என்று சொன்னார்.

"டொக்டர் சொன்னது மறந்து போச்சு அன்ரி. அவ சொன்னது மறக்கேல்லை."

இதை டெனிஸுக்குச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ரூபன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வானுக்குப் பார்க்கிங் முடியப் போகுது. பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கையில் கிறீன் ஸ்ட்ரீட் புடவைக் கடை ஒன்றின் பை இருந்தது. பை சிறியது. ஆனால் அது அவருடைய தோளை ஒரு பக்கம் இழுத்தது.

"உடுப்பு மாத்த முதல் ரொய்லட்டுக்குப் போக வேணும்" என்றார் வதனி. ரூபன் அவரைத் தள்ளிக்கொண்டு போனார். பையும் போனது.

வெளியே வந்ததும் ஒரு தாதி, உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். வதனி தாலிக்கொடியைத் தானாகவே கழற்றி ரூபனின் கையில் வைத்தார். தோட்டையும் கழற்றினார்.

"வேறு?"

"வேற இல்லை."

நான் 'வேறு இல்லை' என்று மொழிபெயர்த்தேன். கவுனுக்கு உள்ளே, கர்ப்பிணிகள் வயிற்றைத் தாங்கக் கட்டுகிற அகலமான பட்டி இருந்தது. அது துணிதான், இருக்கட்டும் என்றார் தாதி.

ஈயம் பற்றிச் சிறு குறிப்பு

லண்டனில் ஈயம் தலைக்கு மேலே இருக்கிறது. எங்கள் தெருவில் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் வீடுகள் ஒவ்வொன்றிலும் புகைபோக்கியின் அடியைச் சுற்றி மங்கிய சாம்பல் நிறத்தில் அது தெரியும். தேவாலயக் கூரைகளில் ஏறி அதை உரித்துக்கொண்டு போவதற்கென்றே திருடர்கள் இருக்கிறார்கள். மழை பெய்யும்போதுதான் பாதிரியாருக்குத் தெரியவரும்.

நான் பத்திரிகையில் சேர்ந்தபோது அச்சு எழுத்துகள் ஈயத்தில்தான் இருந்தன. அச்சுக்கோக்கும் பகுதிக்குப் போய் வந்தால் சோப் போட்டுக் கைகழுவாமல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அங்கே ஈயத்தை நாங்கள் நஞ்சு என்று பயந்தோம். இங்கே ஒரு பெண் அது இல்லையே என்று பயந்தார். உலோகம் ஒன்றுதான்.

வளையத்துக்குள்

திரைக்குத் திரும்புகிறேன். டெனிஸும் நானும் உள்ளே போனோம். படுக்கையை வளையத்தில் இருந்து வெளியே எடுத்தார். வதனி எங்களைப் பார்க்காமல், கவுனை விலக்கி, வயிற்றுப் பட்டிக்குள் கையை விட்டு இழுத்தார். ஒரு தலையணை உறை வந்தது. அதற்குள் மடித்த ஈயத் தகடு. ஓரங்களை ரூபன் சுத்தியலால் தட்டி மழுக்கியிருந்தார், குத்தாமல் இருக்க.

"புதுசு. பாவிக்கேல்லை" என்றார் வதனி. "துடைச்சுத்தான் தந்தவர்."

டெனிஸ் அதைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபப்படவும் தெம்பு இல்லை போலிருந்தது. படுக்கையின் ஓரத்தில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் விளக்கினார். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள்.

நாங்கள் பார்த்தது முன்படம் மட்டும். மிகச் சிறிய அளவு கதிரில் எடுப்பது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான், எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் வேண்டும் என்று இயந்திரம் தானே முடிவு செய்யும். இப்படி ஒரு தகட்டைக் கண்டால், இந்த இடத்தில் உடம்பு மிகவும் தடிப்பு, கதிர் ஊடுருவவில்லை என்று எடுத்துக்கொண்டு அங்கே கூட்டிக் கொடுக்கும். அதுவும் கதிர் விடும் குழாய் உடம்பைச் சுற்றிச் சுழல்கிறது. முன்னால் தகடு இருந்தால் பின்னாலும் பக்கத்தாலும் வரும்.

நான் சொல்லி முடித்ததும் வதனி வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

"இப்பக் கூட்டிக் குடுத்திட்டுதோ?"

"இல்லை. நான் நிறுத்திவிட்டேன். தகடு இல்லாமல் முன்படத்தையே மறுபடி எடுப்பேன்."

"பிள்ளைக்கு ஒண்டும் வராதெண்டு சொல்லச் சொல்லுங்கோ."

டெனிஸ் தலையை ஆட்டினார். "ஒன்றுமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. மிக மிகச் சிறிய ஆபத்து. ஸ்கான் செய்யாமல் விட்டால் வரக்கூடியது அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. அதுவும் இன்றைக்கே வரலாம்."

'மிக மிகச் சின்னன். ஆனால் இல்லையெண்டு சொல்ல ஏலாதாம்' என்றேன்.

வதனி என்னையே பார்த்தார். "அன்ரி, உங்கட மகள் இதில படுத்திருந்தா நீங்கள் என்ன செய்வியள்?"

இந்தக் கேள்வியைப் பல அறைகளில் கேட்டிருக்கிறேன். பழகவில்லை. பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் டெனிஸிடம் சொன்னேன், அது என்னிடம் கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்து.

"எனக்கு இரண்டு மகள்கள்" என்றார் டெனிஸ். "இரண்டு பேரையும் இதில் படுக்கவைப்பேன். தகடு இல்லாமல்."

வதனி கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு விளக்கின் மூடியில் நீல வானமும் பூக்கிளையும் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபடியே, "செய்யச் சொல்லுங்கோ" என்றார்.

மூச்சைப் பிடிக்கச் சொல்லும் குரல் அந்த இயந்திரத்திலேயே பதிவாகியிருக்கிறது, ஆங்கிலத்தில். அதை நிறுத்திவிட்டு டெனிஸ் ஒலிவாங்கியை என்னிடம் தள்ளினார். ஊசி வழியாக மருந்து ஏறும்போது உடம்பு சுடுவதுபோல இருக்கும், பயப்பட வேண்டாம் என்றேன். பிறகு, "மூச்சை எடுங்கோ... பிடியுங்கோ."

மூச்சு இல்லாதவரிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்வது. நானும் பிடித்திருந்தேன் என்பது, "இனி விடலாம்" என்று சொல்ல முயன்றபோதுதான் தெரிந்தது. குரல் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது.

நடைபாதை

கட்டி இருந்தது. வலது நுரையீரலில். மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு உடனே ஊசி போடச் சொன்னார். பிள்ளை பிறக்கும் வரையும் அதன் பிறகும் ஊசி தொடரும். வயிற்றில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார்கள். அது அதன் பாட்டுக்கு வேகமாக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

வதனியை வார்டுக்கு மாற்றுவதற்குள் டெனிஸ் தகட்டைக் கொண்டுவந்து ரூபனிடம் கொடுத்தார். இனி இப்படிச் செய்ய வேண்டாம், இதைக் கண்டால் இயந்திரம் கதிரைக் கூட்டும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ரூபன் தகட்டைப் பைக்குள் வைத்தார். உடனே வெளியே எடுத்தார். மறுபடி வைத்தார்.

"பைப் உள்ளுக்கு உடைஞ்சு தண்ணி வந்தால், கூரையில ஈயத்தகடு அடிச்சு என்ன பிரயோசனம்?" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. "ஒவ்வொரு நாளும் சனத்துக்கு நான் சொல்லுறது. கூரையில பிழை இல்லை, உங்கட பைப்பைப் பாருங்கோ எண்டு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்ரி, இதால பிள்ளைக்குக் கூடப் போச்சுதோ? கேட்டுச் சொல்லுங்கோ. அவவுக்குக் கேக்காமல்."

கேட்டேன். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட வாய் திறந்த டெனிஸ் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார். முன்படத்தை இரண்டு முறை எடுக்க வேண்டியதாயிற்று. அது மிகச் சிறிது. பெரிய ஸ்கான் தகடு இல்லாமல்தான் ஓடியது. கூடப் போனது என்று சொல்ல எதுவும் இல்லை, என்றார்.

"கூட எண்டில்லை. மொத்தமா. பிள்ளைக்கு ஒண்டும் போகேல்லை எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

"அப்படிச் சொல்ல முடியாது. கொஞ்சம் போயிருக்கும். மிகவும் கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

டெனிஸ் சொன்னார். நான் சொன்னேன். ரூபன் கேட்டது அளவை அல்ல என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. அவர் இன்னும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார், அங்கிருந்து வேறு ஏதாவது வரும் என்பதுபோல. வரவில்லை.

"சரி" என்றார் ரூபன்.

டெனிஸ் அவருடைய கையில் மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிடப் போனார்.

கதவு திறந்தது. வதனியைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூக்கில் ஒட்சிசன் குழாய். ரூபன் பையை முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு கிட்டப் போனார்.

"என்னவாம்?" என்றார் வதனி. "அந்த ஸ்கான் எடுத்த மனிசியோட கன நேரமாக் கதைச்சியள்."

"ஒண்டும் இல்லையாம்."

"ஒண்டும் எண்டா?"

"பிள்ளைக்கு ஒண்டுமே போகேல்லையாம். ஒரு துளியும் இல்லையாம். நீர் யோசிக்காதையும்."

வதனி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கைகழுவும் படங்களைப் பார்த்தேன்.

"அன்ரி எனக்கு உள்ளுக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டா" என்றார் வதனி.

ரூபனின் காது மடல்கள் சிவந்தன. படுக்கையைத் தள்ளுபவர் லிஃப்டுக்காகக் காத்து நின்றார்.

"பரவாயில்லை" என்று வதனி கையை நீட்டி அவருடைய சட்டை நுனியைப் பிடித்தார். "நீங்கள் இன்னொருக்காச் சொல்லுங்கோ."

ரூபன் குனிந்தார். முதலில் சொன்னதைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அதையே மறுபடி சொன்னார். வதனி கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.